உணவுக் கோளாறு யாருக்கு வரும்? இனமும் பண்பாடும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக் கோளாறு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

சாப்பிடுவதே ஒரு போராட்டமாகி, அதனால் உடம்பும் அன்றாட வாழ்க்கையும் குலைந்துபோகிற மனநல நோய்கள் இவை. மூன்று வகைகளைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அனோரெக்சியாவில் சாப்பாடு குறைந்துகொண்டே போய் எடை ஆபத்தான அளவுக்குச் சரியும். புலிமியாவில் தன்னை மீறி நிறையச் சாப்பிட்டுவிட்டு, பிறகு வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்டப் பார்ப்பார்கள். பிஞ்ச் ஈட்டிங் கோளாறிலும் அதேபோல் கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவது உண்டு. ஈடுகட்டும் முயற்சி இருக்காது, வெட்கமும் குற்ற உணர்வும் மட்டும் மிஞ்சும்.

மூன்றில் மிகப் பரவலானது கடைசியில் சொன்னதுதான். ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் அது தனி நோயாக இடம்பெற்றது 2013-இல்தான். எந்த இனத்தில் யாருக்கு நோய் கண்டுபிடிக்கப்பட்டது, யாருக்குக் கண்டுபிடிக்கப்படாமல் போனது என்பதற்கும் இந்தத் தாமதத்துக்கும் தொடர்பு இருக்கிறது.

இது வசதியான வெள்ளைக்காரப் பெண்களுக்கு வரும் நோய் என்றுதானே சொல்வார்கள்?

சொல்வார்கள். அந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். 1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்லஸ் லசேக் என்ற இரண்டு மருத்துவர்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் அனோரெக்சியாவை விவரித்தார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவில் ஹில்டே ப்ரூக் என்ற மனநல மருத்துவர் எழுதியவை பரவலாகப் படிக்கப்பட்டன. அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் வசதியான குடும்பத்துப் பெண்கள். சிறப்பு மருத்துவரைத் தேடிப் போகவும், மாதக்கணக்கில் சிகிச்சைக்குச் செலவழிக்கவும் முடிந்தவர்கள் அவர்கள். டாக்டரின் அறைக்கு வந்தவர்களை வைத்து நோயின் முகத்தை வரைந்தார்கள். வர முடியாதவர்கள் அந்தப் படத்தில் இல்லை.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்து, வீடு வீடாகப் பொதுமக்களிடம் கேட்ட ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. அமெரிக்காவில் தேசிய அளவில் திரட்டிய தகவல்களை வைத்து 2011-இல் ஓர் ஒப்பீடு வெளியானது. லத்தீனோ மக்கள் (லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர்), ஆசிய வம்சாவளியினர், கறுப்பினத்தவர், வெள்ளையர் ஆகிய நான்கு பிரிவுகளிலும் அனோரெக்சியாவும் பிஞ்ச் ஈட்டிங்கும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தன. புலிமியா லத்தீனோ மக்களிடமும் கறுப்பினத்தவரிடமும் கூடுதலாகவே இருந்தது. பெரிய வித்தியாசம் வேறோர் இடத்தில் தெரிந்தது: நோய் இருந்தவர்களில் சிகிச்சை பெற்றவர்களின் விகிதம் வெள்ளையர் அல்லாதவர்களிடம் குறைவு.

அப்படியென்றால் எல்லா இனத்திலும் ஒரே அளவில்தான் இருக்கிறதா?

அதுவும் சரியில்லை. வித்தியாசங்கள் உண்மையிலேயே இருக்கின்றன, அவற்றை மழுப்பக் கூடாது. கரீபியன் கடலில் உள்ள குராசாவ் தீவில் டச்சு ஆய்வாளர் ஹான்ஸ் ஹுக்கும் அவர் குழுவும் அனோரெக்சியா நோயாளிகளைத் தேடினார்கள். தீவின் பெரும்பான்மையினரான கறுப்பினத்தவரில் ஒருவர்கூட அகப்படவில்லை. சிறுபான்மையினரான கலப்பினத்தவரிடமும் வெள்ளையரிடமும் அது நெதர்லாந்து, அமெரிக்கா அளவுக்கு இருந்தது. இந்த முடிவு 2005-இல் வெளியானது. அமெரிக்காவிலும் 2003-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பின இளம்பெண்களில் ஒருவருக்கும் அனோரெக்சியா இருக்கவில்லை; வெள்ளையரில் 1.5 சதவீதம் பேருக்கு இருந்தது.

இதைப் படித்துவிட்டு ‘கறுப்பினப் பெண்களுக்கு உணவுக் கோளாறே வராது’ என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அங்கேதான் சறுக்கல். அனோரெக்சியா மூன்றிலும் அரிதானது. அரிதான ஒன்றை மட்டும் எண்ணிவிட்டு மற்ற இரண்டையும் எண்ணாமல் விட்டால் கணக்கு தப்பும்.

இன்னொரு பக்கம், ‘மேற்கத்திய நோய்’ என்ற எண்ணத்தோடு ஒத்துப்போகாத இடங்களும் இருக்கின்றன. டெஹ்ரானில் பள்ளி மாணவிகள் 3,100 பேரிடம் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில் அனோரெக்சியா 0.9 சதவீதம், புலிமியா 3.2 சதவீதம். மேற்கத்திய நாடுகளின் அளவோடு ஒப்பிடக்கூடிய எண்கள் இவை.

மெலிய வேண்டும் என்ற ஆசையோ, குண்டாகிவிடுவோம் என்ற பயமோ இல்லாமலே அனோரெக்சியா வருமா?

வரும். இந்தத் துறையில் பண்பாடு பற்றி நமக்குத் தெரிந்தவற்றில் மிக முக்கியமானதாக நான் நினைப்பது இதைத்தான்.

ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1980-களிலும் 90-களிலும் அனோரெக்சியா நோயாளிகளைக் கவனித்துவந்தார். 1993-இல் அவரும் சக ஆய்வாளர்களும் 70 சீன நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். அவர்களில் 58.6 சதவீதம் பேரிடம் குண்டாகிவிடுவோம் என்ற பயமே இல்லை. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டால் ‘வயிறு உப்பிக்கொள்கிறது’, ‘பசியே இல்லை’ என்றார்கள். கண்ணாடியைப் பார்த்து ‘நான் பருமனாக இருக்கிறேன்’ என்று சொல்லவில்லை. எலும்பு தெரிய மெலிந்திருப்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. டெல்லியில் 5 பெண்களைப் பற்றி 1995-இல் வெளியான மருத்துவக் கட்டுரையிலும் இதே சாயல்: சாப்பிட மறுப்பு, விடாத வாந்தி, எடை சரிவு, மாதவிடாய் நிற்பது எல்லாம் இருந்தன, தன் உடல் பற்றிய தவறான எண்ணம் இல்லை.

அன்றைய கையேடுகளில் அந்தப் பயம் கட்டாய அறிகுறி. அது இல்லையென்றால் அனோரெக்சியா என்று எழுத முடியாது. ஒரு பெண் பட்டினியில் உயிருக்குப் போராடிக்கொண்டிருப்பாள், ஆனால் அவள் சொல்லும் காரணம் பட்டியலில் இருக்காது. வயிற்று டாக்டர், ஸ்கேன், சத்து டானிக் என்று அலைச்சல் தொடரும். 2013-இல் வந்த டி.எஸ்.எம் 5 (மேலே சொன்ன அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு), பயத்தை வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் எடை ஏறவிடாமல் தடுக்கும் நடத்தை இருந்தாலே போதும் என்று விதியைத் தளர்த்தியது. மாதவிடாய் நின்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் எடுத்துவிட்டது. 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி 11 பட்டியலும் அதே திசையில் நகர்ந்திருக்கிறது.

ஹாங்காங் கதை அதோடு நிற்கவில்லை. 1994-இல் ஓர் இளம்பெண் நடுத்தெருவில் சரிந்து விழுந்து இறந்தாள். பத்திரிகைகள் மேற்கத்திய விளக்கங்களோடு அனோரெக்சியா பற்றிப் பக்கம் பக்கமாக எழுதின. அதன்பின் வந்த நோயாளிகளில் எடை ஏறும் பயத்தைச் சொன்னவர்களின் பங்கு ஏறிக்கொண்டே போனது. நோயைப் பற்றி ஊர் பேசும் விதம், நோயாளி தன் வேதனையைச் சொல்லும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

டிவிதான் காரணம் என்று ஃபிஜி தீவை வைத்துச் சொல்கிறார்களே?

ஆய்வு உண்மையானது, அதன் மேல் ஏற்றப்படும் சுமைதான் அதிகம். ஃபிஜியின் நட்ரோகா பகுதிக்கு 1995-இல் டிவி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர் அந்த ஆண்டும் 1998-இலும் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதலில் யாரும் இல்லை. 3 ஆண்டுகளில் 11.3 சதவீதம். சாப்பாடு, எடை பற்றிய எண்ணங்களை அளக்கும் உணவு மனப்பான்மைக் கேள்வித்தாளில் கவலைக்குரிய மதிப்பெண் பெற்றவர்கள் 12.7-இலிருந்து 29.2 சதவீதமானார்கள்.

ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 60 பேர்தான், இரண்டு முறையும் ஒரே மாணவிகளும் இல்லை, டிவி வராத ஊர் எதுவும் ஒப்பிடுவதற்குச் சேர்க்கப்படவில்லை. ஆகவே ‘டிவி வந்தது, நோய் வந்தது’ என்று ஒரே வரியில் எழுதுவது நியாயமில்லை. எண்களைவிட அந்த மாணவிகள் பேட்டியில் சொன்னதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. திரையில் தெரிந்த பெண்களைப் போல மெலிந்தால் வேலை கிடைக்கும், வாழ்க்கையில் முன்னேறலாம் என்றார்கள். அழகு ஆசை என்று அதை ஒதுக்கிவிட முடியாது. மாறிக்கொண்டிருந்த ஓர் உலகத்தில் தங்களுக்கும் ஓர் இடம் கிடைக்குமா என்ற கவலை அது.

பருமனை அழகாகக் கருதும் சமூகத்தில் பிறந்தவர்களுக்கு இது வராதா?

கொஞ்சம் தடுப்பு கிடைக்கலாம், முழுக் காப்பு கிடையாது. மெலிவதற்கான நெருக்கடி குறைவாக இருந்தால், பட்டினி கிடக்கத் தொடங்குபவர்களும் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. கட்டுப்பாடு இழந்து சாப்பிடுவதை அது தடுப்பதில்லை. தனிமை, வன்முறை, இனவெறிக்கு ஆளாவது, பணக் கஷ்டம் இவையெல்லாம் வேறு வழியாகச் சாப்பாட்டின் மேல் வந்து இறங்கும்.

அழகுக் கணக்கும் இரத்தத்தில் ஊறியதில்லை. தென்னாப்பிரிக்காவின் கிராமப்புற ஜூலு மக்களையும், பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்த ஜூலு மக்களையும் ஒப்பிட்ட ஆய்வில், குடிபெயர்ந்தவர்களின் ரசனை பிரிட்டன்காரர்களை நோக்கி நகர்ந்திருந்தது. பருமனைப் போற்றும் பண்பாட்டிலும் கொடுமை நடக்கும் என்பதை மறக்கக் கூடாது: மொரித்தானியாவில் சிறுமிகளை மணப்பெண்ணாக்க வற்புறுத்தி ஊட்டிப் பருக்கவைக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது.

குடிபெயர்ந்த குடும்பங்களில் பிள்ளைகள் அந்நியப் பழக்கத்தில் கலப்பதால்தான் வருகிறதா?

பெற்றோர் இப்படி நினைப்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்ட் நகரில் கிடைத்தது நேர்மாறான தகவல். அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் நடத்தி 1988-இல் வெளியிட்ட ஆய்வில் தெற்காசிய வம்சாவளிப் பெண்களில் 3.4 சதவீதம் பேருக்கும், வெள்ளையரில் 0.6 சதவீதம் பேருக்கும் புலிமியா இருந்தது. எண்ணிக்கையில் சில பேர்தான் என்றாலும் அன்று அது பலரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. 1991-இல் வந்த தொடர்க் கட்டுரை இன்னும் வியப்பு: ஆசியப் பெண்களில் இத்தகைய கேள்வித்தாளில் கூடுதல் மதிப்பெண் பெற்றவர்கள் மரபை அதிகம் பின்பற்றும் வீடுகளைச் சேர்ந்தவர்கள்.

ஒரு விளக்கம் இது: பள்ளியில் ஒரு விதமாகவும் வீட்டில் இன்னொரு விதமாகவும் நடக்க வேண்டிய பெண்ணுக்கு, இரண்டுக்கும் நடுவில் இழுபறி அதிகம். படிப்பு, உடை, நட்பு, கல்யாணம் எதிலும் தன் சொல் எடுபடாதபோது, சாப்பாட்டுத் தட்டு ஒன்றுதான் அவள் கட்டுப்பாட்டில் மிஞ்சுகிறது. எல்லா ஆய்வுகளும் இதே முடிவுக்கு வரவில்லை. ஆனாலும் பிள்ளை நோயில் இருக்கும்போது ‘இந்த நாட்டுக்கு வந்து கெட்டுப்போனாய்’ என்று குற்றம் சாட்டுவதற்கு இந்த ஆய்வில் இடமில்லை.

கேள்வித்தாள் வைத்து அளக்கும் முறை எல்லாருக்கும் பொருந்துமா?

எப்போதும் பொருந்தாது. தென்னாப்பிரிக்காவில் ஏழைக் குடும்பத்துக் கறுப்பினப் பதின்வயதினர் பலர் கேள்வித்தாளில் மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றார்கள். நோய் அங்கே பரவிவிட்டது என்று தோன்றியது. டேனியல் லெ க்ரேஞ்சும் குழுவினரும் அந்தப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசிப் பார்த்தபோது உண்மை தெரிந்தது. ‘எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே நினைக்கிறேன்’ என்பதற்கு ஆமாம் என்று குறித்தவர்களில் பலர், வீட்டில் சாப்பாடு போதாததால் குறித்திருந்தார்கள். 2004-இல் இது கட்டுரையாக வந்தது. பசியை நோய் என்று எண்ணிவிட்ட கணக்கு அது.

அப்போ வறுமை இருக்கும் இடத்தில் உணவுக் கோளாறு இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் இலவச உணவு வழங்கும் மையங்களுக்கு வந்தவர்களிடம் கரோலின் பெக்கர் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. வந்தவர்களில் பெரும்பாலோர் லத்தீனோ மக்கள். வீட்டுப் பிள்ளைகளே பட்டினி கிடக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தவர்களில் ஏறத்தாழ 17 சதவீதம் பேரிடம் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு உணவுக் கோளாறு அறிகுறிகள் இருந்தன. மாதக் கடைசியில் பட்டினி, கையில் காசோ உணவோ வந்தவுடன் அடக்க முடியாத சாப்பாடு, பிறகு மறுபடி பட்டினி. உடம்பு இந்தச் சுழற்சிக்குப் பழகிவிடுகிறது.

பட்டினி மட்டுமே மனத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1944–45-இல் மினசோட்டாவில் ஆன்சல் கீஸ் நடத்திய சோதனை சான்று. ஆரோக்கியமான 36 இளைஞர்கள் தாமாக முன்வந்து பல மாதங்கள் அரைவயிற்றோடு இருந்தார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனார்கள், சமையல் புத்தகங்களைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள், எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள். சோதனை முடிந்த பிறகும் சிலருக்குச் சாப்பாட்டில் கட்டுப்பாடு திரும்ப நாளானது. மெலிந்துபோன ஒரு பெண்ணைப் ‘பிடிவாதக்காரி’ என்று சொல்லும் முன் இதை நினைத்துப் பாருங்கள்.

டாக்டர்களே தவறவிடுவார்களா?

தவறவிடுகிறார்கள். இதற்கு நல்ல சான்று உண்டு, படிக்கும்போது கோபமும் வருகிறது. 2006-இல் வெளியான ஓர் ஆய்வில் மனநல சிகிச்சையாளர்களிடம் ஒரு கற்பனைப் பெண்ணின் நாட்குறிப்பைக் கொடுத்தார்கள். அவள் சாப்பாட்டோடு படும் அவதி அதில் எழுதியிருந்தது. எல்லாருக்கும் ஒரே குறிப்பு, அவள் இனம் மட்டும் வேறு வேறு. வெள்ளையினப் பெண் என்றபோது 44 சதவீதம் பேர் அவளுக்குப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னார்கள். லத்தீனோ பெண் என்றபோது 41 சதவீதம். கறுப்பினப் பெண் என்றபோது 17 சதவீதம்.

கேள்வியே கேட்கப்படாமல் போவதும் உண்டு. அமெரிக்கக் கல்லூரிகளில் உணவுக் கோளாறுக்காக நடந்த தேசியப் பரிசோதனை முகாமின் தகவல்களை ஆன் பெக்கரும் சகாக்களும் 2003-இல் வெளியிட்டார்கள். சிறுபான்மை இனத்தவரிடம் ‘சாப்பாட்டில் ஏதாவது சிரமம் இருக்கிறதா’ என்று டாக்டர் விசாரித்தது குறைவு. நோயின் தீவிரம் சமமாக இருந்தபோதும், லத்தீனோ மாணவர்களையும் பூர்வகுடி மாணவர்களையும் மேல்பரிசோதனைக்கு அனுப்பியது குறைவு.

இதனால் ஒன்று சொல்கிறேன். ஒரு டாக்டர் ‘உங்கள் ஆட்களுக்கெல்லாம் இது வராது’ என்ற தொனியில் பேசினால் அதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொருவரிடம் போங்கள். என்ன நடக்கிறது என்று நீங்களே தேதி போட்டு எழுதி எடுத்துப் போங்கள். மொழி தெரியாத நாட்டில் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள். நோயில் இருக்கும் பிள்ளையையே பெற்றோருக்கும் டாக்டருக்கும் நடுவில் மொழிபெயர்க்க வைக்கக் கூடாது.

மரபணுவுக்கும் பங்கு உண்டா?

உண்டு. இரட்டையர் ஆய்வுகள் அதைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2019-இல் சுமார் 17,000 அனோரெக்சியா நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்து, நோயோடு தொடர்புள்ள 8 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். சில வளர்சிதை மாற்றத்தோடு சம்பந்தப்பட்டவை என்பதால் இது வெறும் மனம் சார்ந்த விஷயமில்லை என்பதும் உறுதிப்பட்டது. ஆனால் அத்தனை பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். மற்றவர்களைச் சேர்க்காமல் வரும் மருந்தும் பரிசோதனையும் மற்றவர்களுக்கு எவ்வளவு பயன்படும் என்பது நியாயமான கவலை.

ஆண்களுக்கு?

வரும், எல்லா இனத்திலும். பிஞ்ச் ஈட்டிங்கில் ஆண்களின் பங்கு கணிசமானது. மெலிவதைவிடத் தசை ஏற்றுவதில் வெறியாக இது வெளிப்படலாம் என்பதால் வீட்டார் ஆரோக்கியம் என்று நினைத்துப் பாராட்டிக்கொண்டிருப்பார்கள்.

மத நோன்பு இருப்பவர்கள் என்ன செய்வது?

நோன்பு இருப்பது உணவுக் கோளாறு ஆகாது. ஆனால் நோயில் இருப்பவருக்கு நோன்பு நல்ல மறைவிடம். சாப்பிடாததற்கு யாரும் காரணம் கேட்க மாட்டார்கள், பாராட்டும் கிடைக்கும். நோன்பு முடிந்த பிறகும் சாப்பாடு பழைய நிலைக்குத் திரும்பவில்லையா, மற்றவர்கள் இருக்கும் நோன்பைவிடக் கூடுதலாகத் தானே சேர்த்துக்கொள்கிறாரா என்று கவனியுங்கள். பல மதங்கள் நோயாளிகளுக்கு விலக்கு அளிக்கின்றன. சிகிச்சையில் இருப்பவர் அந்த விலக்கைப் பயன்படுத்தலாம் என்று மதப் பெரியவர் ஒருவர் வாய் திறந்து சொன்னால் பெரிய பாரம் இறங்கும்.

சிகிச்சை எந்தப் பண்பாட்டுக்கும் ஒன்றுதானா?

அடிப்படை ஒன்றுதான். உடம்புக்கு முதலில் சாப்பாடு வேண்டும். பதின்வயதினருக்குக் குடும்பம் வழியாகச் செய்யும் சிகிச்சைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான முறை இது, பிள்ளையின் சாப்பாட்டுப் பொறுப்பைச் சில காலம் பெற்றோர் ஏற்பார்கள். பெரியவர்களுக்குப் புலிமியாவிலும் பிஞ்ச் ஈட்டிங்கிலும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்ற உதவும் பேச்சு வழிச் சிகிச்சை) பலன் தருகிறது.

ஆனால் நடத்தும் விதம் மாற வேண்டும். அப்பா, அம்மா, பிள்ளை என்று மூன்று பேரை மட்டும் கூப்பிட்டு உட்காரவைத்தால், அடுப்படியைக் கவனிக்கும் பாட்டியும், தினமும் கேலி செய்யும் மாமாவும் வெளியே நின்றுவிடுவார்கள். யார் ஊட்டுகிறார், யார் சொல் எடுபடும் என்று கேட்டு அவர்களையும் சேர்க்க வேண்டும். உணவுப் பட்டியலும் அந்த வீட்டில் சமைப்பதை வைத்துத்தான் இருக்க வேண்டும். பழக்கமில்லாத சாப்பாட்டைப் பட்டியலில் எழுதிக் கொடுத்தால் அந்தத் தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள்.

வீட்டில் ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் எப்படிப் பேசுவது?

தனியாக, சாப்பாட்டு நேரம் தவிர்த்து. எடையைப் பற்றியோ தோற்றத்தைப் பற்றியோ எதுவும் சொல்லாதீர்கள், ‘இப்போ நல்லா இருக்கே’ என்பதுகூட வேண்டாம். கண்ணில் பட்டதைச் சொல்லுங்கள்: ‘கொஞ்ச நாளா எங்களோட உக்காந்து சாப்பிடறதே இல்ல, எனக்குக் கவலையா இருக்கு.’ மறுத்தால் சண்டை வேண்டாம், சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். மனநல டாக்டர் என்றாலே மிரளும் குடும்பமாக இருந்தால், களைப்பு, தலைசுற்றல், மாதவிடாய் நிற்பது என்று உடம்பு சார்ந்த காரணத்தைச் சொல்லிப் பொது மருத்துவரிடம் முதலில் போகலாம். அது பொய்யாகாது, அவையும் நோயின் பகுதிதான்.

எப்போது தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்?

மயக்கம் போட்டு விழுவது, நெஞ்சுப் படபடப்போ வலியோ, நாடித்துடிப்பு மிக மெதுவாக இருப்பது, அடிக்கடி வாந்தியோடு தசை பலவீனம், வாந்தியில் இரத்தம், தண்ணீர்கூடக் குடிக்க மறுப்பது, குழப்பமான பேச்சு, தற்கொலை எண்ணம். இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே போங்கள், எடை எவ்வளவு என்று பார்க்க வேண்டாம். தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்தால் எடை சாதாரணமாக இருப்பவரின் இதயமும் தடுமாறும். அனோரெக்சியா மனநல நோய்களிலேயே மிக அதிக உயிரிழப்பு உள்ளவற்றில் ஒன்று. அதில் இறப்பவர்களில் ஏறத்தாழ 5-இல் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார்.

நீண்ட நாள் பட்டினியில் இருந்தவருக்கு வீட்டிலேயே திடீரென்று வயிறு நிறையக் கொடுக்கவும் வேண்டாம். இரத்தத்தில் பாஸ்பேட் சட்டென்று சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்களில் எவ்வளவு, எப்படிக் கொடுப்பது என்பதை இரத்தப் பரிசோதனையோடு டாக்டர்தான் முடிவுசெய்ய வேண்டும். அங்கே போனதும் ‘சாப்பிடாமல் எத்தனை நாள் ஆகிறது’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள்.